கரட்டை இழுத்த பெரிய வண்டி

ஊமைக்கரடு என்கிற பாறைக்குன்று முதன்முதலாக நகர்ந்தது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி வாக்கில். அந்த முதல் தடவை அது நகர்ந்தது மொத்தமே பதினோரு அடிதான் என்பதால் பிச்சம்பாளையம் பிரிவு ரோட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், டீக்கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டார், கரட்டின் மேல் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி மேயப் போய்விட்டன. இழுத்த பூவாத்தாளுக்கே அது தெரியாது. அவளுக்கு அப்போது மனசு முழுக்கத் தம்பிதான்.

தம்பி பேர் கொமாரசாமி. அப்பா காலத்தில் லாரிக்குப் பாடி கட்டிய பட்டறையை அக்காளும் தம்பியும் சேர்ந்துதான் பெரிய வண்டிப் பட்டறையாக மாற்றினார்கள். அதாவது, கோழிப்பண்ணைக்காரர்களும் போர்வெல் போடுகிற ரிக் வண்டி முதலாளிகளும் ஆசைப்பட்டு வாங்குகிற ஆள் உயர எஸ்யூவிகளை அவரவர் மனசுக்குத் தகுந்தபடி பிரித்து மேய்ந்து வேறு வண்டியாகக் கொடுக்கிற பட்டறை. ஆனால் வேறு வண்டி என்றால் எந்த வண்டி என்பதில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். பூவாத்தாளுக்கு வண்டி ஜொலிக்க வேண்டும், பம்பரில் முகம் பார்த்துப் பொட்டு வைக்க முடிய வேண்டும், கதவைத் திறந்தால் படி தானாக இறங்க வேண்டும், மண்டப வாசலில் நிறுத்தினால் ஜனம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வண்டியைப் பார்க்க வேண்டும். கொமாரசாமிக்கு வண்டி ஏற வேண்டும், இறங்க வேண்டும், இடுப்பளவு சேற்றில் முழுகி அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு எழுந்து வர வேண்டும், பார்க்க எப்படி இருந்தாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரானைட் வியாபாரியின் வண்டியை இரண்டு பேரும் பாதிப் பாதியாகச் செய்தார்கள், விதி அப்படி. வியாபாரியின் சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தமும் கரையில் நின்று பார்க்க, ஓடையில் இறங்கிய வண்டி பூவாத்தாளின் பளபளக்கும் படிக்கட்டைப் பாறையில் கொடுத்துக் கிழித்துக்கொண்டு நடு ஓடையில் நின்றுவிட்டது. "எங்கக்கா செய்யறது வண்டியில்லீங்க, சப்பரம். நாலு பேரு தோள் குடுத்துத் தூக்கோணும்" என்றான் கொமாரசாமி, அத்தனை பேர் முன்னிலையில். "இவன் செய்யறது எருமைங்க. தண்ணியக் கண்டாப் படுத்துக்கும்" என்றாள் பூவாத்தாள், அதே அத்தனை பேர் முன்னிலையில். வாய் வார்த்தை அதோடு நின்றதா? இனி உன் பட்டறை வாசலை மிதிக்க மாட்டேன், உன் வண்டி என் எடம் தேடிச் சேத்துல ஏறி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவன் சொல்ல, என் கையால் செஞ்ச வண்டி உன் சேத்துல ஒரு டயரு வெக்காது என்று இவள் சொல்ல, மறுநாளே அவன் தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய் ஊமைக்கரட்டு அடிவாரத்தில் போட்டான். பூவாத்தாளின் பின்வாசலில் நின்று பார்த்தால் இரண்டு ஃபர்லாங் தூரத்தில் அந்தக் கொட்டகை தெரியும். நடுவில் சோளக்காடு, கடலைக்காடு, அவள் வாசலை ஒட்டி ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட அந்த வண்டிப்பாதையில் மழை பெய்தால் முழங்கால் சேறு.

இப்போது பூவாத்தாளின் மகள் கோகிலவாணிக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் வந்து கழுத்தில் மாலை போட்டால்தான் பெண் மணவறைக்கு வர முடியும், அந்த ஊர் வழக்கம் அது. கோகிலவாணியோ ஒரே பிடிவாதம்.

"மாமன் மாலை போடாம நான் எந்திரிச்சு வரமாட்டேன். ஒன்னுவிட்ட மாமன், ரெண்டுவிட்ட மாமன்னு ஆரையாச்சும் கூட்டிட்டு வந்து நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

பத்திரிகையைப் பூவாத்தாளின் புருஷன் அர்த்தனாரி கொண்டுபோய்க் கொடுத்தார். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், அதிகம் பேச மாட்டார், அதனாலேயே எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் அவரைத்தான் அனுப்புவார்கள். கொமாரசாமி கையைத் துடைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டானாம். ஆனால் பேச்சு மட்டும் அதே பேச்சு: "அக்காளோட வண்டி இங்க வரட்டும் மாமா. அந்த வண்டியிலயே ஏறி வர்றேன்." அர்த்தனாரி வந்து சொன்னதைக் கேட்டு, "அவன் ரோசத்துல மண்ணு விழ" என்று பூவாத்தாள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. தம்பி இல்லாமல் கல்யாணம் என்பதை நினைத்துப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. சொன்ன சொல்லை விடவும் முடியவில்லை. அக்காளுக்கும் தம்பிக்கும் பிறவிக்குணம் ஒன்றுதானே.

இந்த நேரம் பார்த்துத்தான் ராஜாமணியின் வண்டி பட்டறையில் நின்றது. எட்டுக் கோழிப்பண்ணைக்கு முதலாளி, வெள்ளை வேட்டி கசங்காத மனுஷன். கோயமுத்தூரில் நடக்கும் வண்டிக் கண்காட்சிக்காக, காட்டுக்குப் போகிற வண்டி மாதிரியே தன் வண்டி இருக்க வேண்டும், ஆனால் காட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர் உத்தரவு. பூவாத்தாள் கூரைமேல் பதினாறு விளக்கு வைத்தாள், தண்ணீருக்குள் மூச்சு விடும் குழலைத் தங்க நிறத்தில் வைத்தாள், உள்ளே எட்டு ஸ்பீக்கர் வைத்தாள், முன் பம்பரில் ஒரு வின்ச் வைத்தாள். சேற்றில் மாட்டிய வண்டி தூரத்து மரத்தில் கொக்கியைப் போட்டுத் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வர உதவுகிற மோட்டார் உருளைதான் வின்ச். காட்டு வண்டிக்கு நூறடிக் கயிறு போதும். ஆனால் பார்க்கிற வண்டிக்கு உருளை பொதபொதவென்று நிறைந்திருக்க வேண்டாமா? கோயில் தேர்ச்சக்கரம் அளவுக்கு ஒரு உருளையைக் கடைந்து, அதில் ஆரஞ்சு நிறக் கயிற்றைப் பண்டல் பண்டலாக இரண்டு ஃபர்லாங்குக்கு மேல் சுற்றினாள். மோட்டாருக்குப் போகிற சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் குறுக்கே தாண்டிக்கொண்டு போவது பார்க்க அசிங்கமாக இருந்ததால், இரண்டையும் நேர்நேராக, வகிடு எடுத்த மாதிரி மாட்டினாள். வின்ச் இதனால் தலைகீழாகச் சுற்றும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை யார் சுற்றப் போகிறார்கள் என்று விட்டிருப்பாள்.

போட்டோவுக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை கயிற்றை விட்டார்கள். வண்டி பின்வாசல் சிமெண்டுத் தரையில் நிற்கும், அங்கிருந்து ஆரஞ்சுக் கோடு ஒன்று காட்டைத் தாண்டிக் கரடு வரைக்கும் போகும், பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும் என்று ராஜாமணியின் போட்டோக்காரர் யோசனை சொன்னார். அர்த்தனாரி கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, சோளத்தட்டை விலக்கிக்கொண்டு போய், கரட்டடியில் யானை படுத்த மாதிரிக் கிடந்த பாறையில் மாட்டிவிட்டு வந்தார். கயிறு வேலிமுள்ளில் சிக்கியிருக்கவே, கொஞ்சம் தளர்த்தலாம் என்று பூவாத்தாள் தளர்த்துகிற பொத்தானை அமுக்கினாள். அது இழுத்தது. வண்டியோ, அவள் ஏற்றிவைத்த இரும்பும் பித்தளையும் ஸ்பீக்கருமாகச் சேர்ந்து கல்லுக்குண்டு மாதிரி நின்றது, ஒரு அங்குலம் அசையவில்லை. கயிறு மட்டும் சுற்றிக்கொண்டே வந்தது. இரண்டில் ஒன்று வந்துதானே ஆக வேண்டும், கரடு வந்தது.

மத்தியானம் பின்வாசலில் உட்கார்ந்து பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் காதில், காற்றோடு ஒரு குரல் விழுந்தது. "சுத்து சாமி, சுத்து. துருப்பிடிச்ச போல்ட்டுக்கு இத்தன கௌரவம் ஆகாது" என்றது குரல். போல்ட்டோடு பேசுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான். ஆறு வருஷமாகக் கேட்காத குரல். துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், என்ன நினைத்தாளோ, பொத்தானை மறுபடி அமுக்கினாள்.

மூன்றாம் நாள் விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனது, ஏனென்றால் நாலு மணிக்கெல்லாம் கரட்டு நிழல் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிட்டது. ஜனம் கூடிப் பேசியது. பயந்தவர்கள் சிலர் உண்டு, கரட்டுக்கும் பூவாத்தாளின் பட்டறைக்கும் நடுவில் காடு வைத்திருந்தவர்கள்தான் அவர்கள். கிராம நிர்வாக அலுவலர் சங்கிலியோடு வந்து இரண்டு நாள் அளந்தார். ஒருத்தர் காட்டிலும் ஒரு சென்ட் குறையவில்லை, சோளம் சோளமாகவே நின்றது, கடலை கடலையாகவே கிடந்தது, தூரம் மட்டும்தான் குறைந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினால் துணி குறையுமா என்ன? அவர் தன் நோட்டில் 'கரடு வருகை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் ஊருக்கு வேறென்ன வேண்டும்?

வருவது ஒறம்பரை, வீட்டு விருந்தாளி என்றால் அதற்குண்டான மரியாதையைச் செய்துவிட வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கரட்டுக்கு ஆரத்தி எடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது அடி என்று பூவாத்தாள் கணக்காக இழுத்தாள், காலையில் இருபது, சாயங்காலம் இருபது. இழுக்கிற நேரத்துக்கு ஊர் கூடியது, கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் அந்த நேரத்துக்குக் கிண்ணத்தோடு வந்தார்கள், கரடு வருது பாரு, ஆ காட்டு என்றால் எந்தக் குழந்தையும் வாயைத் திறந்தது. கரட்டோடு சேர்ந்து அடிவாரத்துக் கொட்டகை வந்தது, மயில்கள் வந்தன, சீத்தாப்பழம் வந்தது, கரட்டு உச்சியில் இருந்த முனியப்பன் வந்தார். இத்தனை நாளும் மேலே ஏற முடியாமல் கீழே நின்று கும்பிட்ட மூட்டுவலிக்காரர்கள், சாமியே எறங்கி வர்றப்ப என்ன கவலை என்று தெம்பாக நடக்க ஆரம்பித்தார்கள். வெயிலுக்குப் பேர்போன அந்த ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கே நிழல் விழ, அப்பளம் காயப்போடுகிற நாலு வீட்டார் மட்டும் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு ராஜாமணி தன் பண்ணைக்கூரையை ஒதுக்கிக் கொடுத்தார்.

ராஜாமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியை எடுத்துப்போகத்தான் அவர் வந்தார், வந்தவர் கண்காட்சியை மறந்தே போனார். "என்ற வண்டியா இழுக்குது? நெசமாலுமா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வரவழைத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டினார். நாலு ஜில்லாவிலிருந்து வண்டிப் பைத்தியங்கள் தேடி வந்தார்கள். அவருக்கு வேறெந்தக் கண்காட்சி வேண்டும்?

கொமாரசாமிப் பக்கம் என்ன நடந்தது என்பதை அர்த்தனாரிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். அவனுடைய காட்டு வண்டிக் கூட்டாளிகள் வந்து, கொக்கி உன் கொட்டகையிலிருந்து பத்தடி தூரத்துல கெடக்குது, கழட்டி வீசு, கரடு நம்முளது என்று கொதித்தார்களாம். அவன் கேட்கவில்லையாம்.

"விறைப்பா நிக்கற கயித்துல கை வெக்கறது தொழில் தர்மமில்ல. மறுமுனையில எவனோ மாட்டிட்டு நிக்கறான்னுதான் நெனைக்கோணும். அது ஆரா இருந்தாலும் சரி" என்றானாம்.

"ஆரா இருந்தாலும் சரின்னா சொன்னான்?" என்று பூவாத்தாள் கேட்டாள். ஆமாம் என்றார் அர்த்தனாரி. அவள் மறுபடி ஒரு தடவை கேட்டாள். அவரும் மறுபடி ஒரு தடவை சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு காலை, கயிற்றின் அந்தக் கோடியில் ஈரச்சாக்கு ஒன்று தொங்கியது. என்ன ஏது என்று யாருக்கும் புரியவில்லை. விறைத்த கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வந்து ஆளை அடிக்கும், மேலே ஈரச்சாக்கைப் போட்டுவைத்தால் அந்த எடைக்கு அப்படியே கீழே விழுந்துவிடும் என்று ஒரு காட்டு வண்டிக்காரர் விளக்கியபோது பூவாத்தாள் கயிற்றை விட்டு எட்ட விலகி நின்றாள். மூன்று வாரமாக அவள் கயிற்றுக்கு நேர் எதிரில் நின்றல்லவா பொத்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறாள். அழகுக்கு வைத்த கயிற்றைப் பற்றி அவளுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? எவ்வளவு அடித்துக்கொண்டாலும் தம்பி தம்பிதான் என்று அவள் சத்தமாகவே சொல்லி அழுதாள். ஊருக்கு அந்த விளக்கமெல்லாம் எதற்கு. துணி போட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மஞ்சள் துணியைக் கொண்டுவந்து கயிறு நெடுகப் போட்டுவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது உருளை நிறைந்துவிட்டது. அதற்குமேல் ஒரு சுற்றுக்குக்கூட இடமில்லை. கரடு வந்து நின்ற இடம் இட்டேரிக்கு அந்தப் பக்கம். கொமாரசாமியின் கொட்டகை வாசலும் பூவாத்தாளின் பின்வாசலும் எதிரும் புதிருமாக, நடுவில் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியிலும் முந்தின வாரத்து மழை முழங்கால் சேறாகக் கிடந்தது. ஒருவர் தாளிப்பது மற்றவருக்கு மணக்கும். கொமாரசாமி தும்மினால் கோகிலவாணி இங்கிருந்து நூறு வயசு என்பாள். ஆனால் அவன் இந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தான், இவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பந்தல்காரரோடு சத்தம் போட்டாள்.

"ஒரு எட்டுப் போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா என்ன?" என்று அர்த்தனாரி தன் ஆயுளில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"இத்தாத்தண்டி கரட்ட இழுத்துட்டு வந்திருக்கறேன். பன்னண்டடி அவன் வரக்கூடாதுங்களா?" என்றாள் பூவாத்தாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தல் பக்கம் போய்விட்டார்.

முகூர்த்த நாள் காலை ஒன்பது மணி. பட்டறை வாசல் முழுக்கப் பந்தல், வெண்சிமெண்டுத் தரையைப் பூவாத்தாள் விடிகாலையிலேயே மூன்று தடவை கழுவிக் கண்ணாடியாக்கி வைத்திருந்தாள். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தாயிற்று. கோகிலவாணி பட்டுச்சேலையோடு உள்ளே உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். நேரம் ஆகுதுங்க என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார், மரியாதையாகத்தான். பூவாத்தாள் பின்வாசலுக்கு வந்தாள். எதிரே கொமாரசாமி வெள்ளை வேட்டி, புதுச்சட்டை, தலைவாரி, தன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். வர முடியாதவன் எதற்கு இத்தனை அலங்காரம்? என்ன செய்வதென்று தெரியாமல், நிறைந்து போன வின்ச்சின் பொத்தானை எடுத்து அமுக்கினாள்.

உருளை முனகியது. கயிறு கயிற்றின் மேலேயே ஏறிப் பிதுங்கியது. மோட்டாரிலிருந்து புகை வந்தது. அவள் விடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிக்கொண்டே நின்றாள்.

"விடு! பொத்தான விடுக்கா, எரிஞ்சு போயிரும்!" என்று ஒரு கத்தல். கண்ணைத் திறந்து பார்த்தால் கொமாரசாமி அங்கே இல்லை. கையில் ஸ்பேனரோடு சேற்றில் தொபுக்கென்று இறங்கி, ஏறி, வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தே விட்டான். வேட்டியாவது சட்டையாவது.

"இந்த ஒயர மாட்டுன புண்ணியவான் ஆரு?" என்றது பம்பருக்கு அடியிலிருந்து குரல்.

"நான்தான்" என்றாள் பூவாத்தாள், குனிந்து.

"தலைகீழா மாட்டியிருக்கற. ஒரு மாசமா மோட்டாரு அழுவறது எனக்கு அங்க கேக்குது. ராத்திரித் தூக்கமில்ல. எந்த மடையன் சிவப்பையும் கறுப்பையும் இப்படி மாட்டுவான்?"

"குறுக்கால போனா நல்லா இல்ல கொமாரு. நேரா இருந்தாப் பார்வையா இருக்கும்னு..."

கீழே ஸ்பேனர் ஒரு தடவை வழுக்கியது. "பார்வையாத்தான் இருக்குது" என்றான் பிறகு, ஒப்புக்கொள்கிற குரலில். "பதிமூணாம் நம்பர் ஸ்பேனரு எடு. நான் பத்தாம் நம்பரக் கொண்டாந்துட்டேன்."

அவள் ஓடிப் போய் எடுத்து வந்து நீட்டினாள். அதற்குள் பந்தலில் இருந்த அத்தனை ஜனமும் பின்வாசலுக்கு வந்துவிட்டது. ஒயரை மாற்றிவிடாதீங்க, கரடு திரும்பிப் போயிரும் என்று டீக்கடைக்காரர் கும்பிட்டார், என் வண்டியில கை வெக்காதீங்க என்று ராஜாமணி நாற்காலியை விட்டு எழுந்தார், முனியப்பனைத் திருப்பி அனுப்பாதே சாமி என்று மூட்டுவலிக்காரர்கள் கெஞ்சினார்கள். "ஆரு மாத்தறா? எரியாம இருக்கக் கழட்டித்தான் விடறேன்" என்று அவன் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே ஊர்ந்து வந்தான். எழுந்து நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. கீழே பார்த்தான். அக்காளைப் பார்த்தான்.

"வந்துட்டனாட்ட இருக்குது" என்றான்.

"வந்துட்ட" என்றாள் அவள். "கையக் கழுவு. புள்ள உக்காந்திருக்குது."

"மாலை?"

"நான் வாங்கல. அது நீ வாங்கறதில்ல?"

"ஒரு மாசத்துக்கு முந்தியே சொல்லி வெச்சது, நேத்தே வந்திருச்சு" என்று அவன் மறுபடி சேற்றில் இறங்கி ஓடினான். மாலையைக் கொண்டுவந்து கோகிலவாணியின் கழுத்தில் போட்டான், அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பூவை மறந்துவிட்டேன் என்று ஓடினான். சேலைத் தட்டை எடுக்க ஓடினான். கூட்டாளிகளைச் சாப்பிடக் கூப்பிட ஓடினான். கொட்டகையைப் பூட்டவில்லை என்று ஓடினான், பூட்டிய சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டேன் என்று திரும்ப ஓடினான்.

ஒவ்வொரு தடவையும் ஆளை விட அதிகமாகச் சேறு வந்தது. பூவாத்தாளின் கண்ணாடித் தரையில், பின்வாசலிலிருந்து மணவறை வரைக்கும், போகவும் வரவுமாக அத்தனை காலடி. தாலி கட்டி முடிந்து ஜனம் பந்திக்குப் போனதும், பெண்டாட்டியின் குணம் தெரிந்த அர்த்தனாரி வாளியும் துடைப்பமுமாக அவசரமாக வந்தார்.

பூவாத்தாள் அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி வண்டிக்கு அடியில் தள்ளினாள்.

"கெடக்கட்டுமுங்க" என்றாள். "பார்வையாத்தான் இருக்குது."